தளர்ந்துபோன ரோட்டரி இன்ஜினோட சிட்னில இருந்து மெல்பர்ன் போறது: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மஸ்டாவோட ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8 (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற இன்ஜின்) செகண்ட் ஹேண்ட்ல விலை குறைவா கிடைக்குதேன்னு வாங்கிடுறாங்க, கொஞ்ச மாசத்துல இன்ஜின் தளர ஆரம்பிக்குது, ரோட்டரி தெரிஞ்சு ரீபில்ட் பண்றவர் (இன்ஜினைப் பிரிச்சு தேஞ்சதை மாத்தி திரும்ப அடுக்கிறவர்) இருக்கிறது ஒரு ஊர்ல, வண்டி நிக்கிறது இன்னொரு ஊர்ல, அப்புறம் "ஓட்டிட்டே போயிரலாமா"ன்னு கேள்வி வருது. தனித்தனியா பதில் சொல்றதை விட ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு இது. மஸ்டா ஆர்எக்ஸ்-8, மேனுவல் கியர், ஹியூம் ஹைவே வழியா சுமார் 880 கிலோமீட்டர், இதைத்தான் மனசுல வச்சு எழுதியிருக்கேன்.

அண்ணா, முதல்ல நேரா சொல்லுங்க, போலாமா வேணாமா?

எது கெட்டுப்போயிருக்குங்கிறதைப் பொறுத்தது தம்பி. சீல் எல்லாம் சமமா தேஞ்சு கம்ப்ரஷன் (உள்ள காத்தை அமுக்கிற அழுத்தம்) குறைஞ்சிருக்கு, மத்தபடி சூடு ஏறல, தண்ணி குறையல, மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியா எரியாம விட்டு விட்டு ஓடுறது) இல்லைன்னா போலாம், கவனமா. கூலண்ட் சீல் போயிருந்தாலோ, ரோட்டர் முனைல இருக்கிற அபெக்ஸ் சீல் உடைஞ்சிருந்தாலோ, புகைக்குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் அடைச்சிருந்தாலோ போகவே கூடாது, ட்ரக்ல ஏத்தி அனுப்பிடணும். இந்த நாலையும் சேர்த்து "இன்ஜின் வீக்"னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு கிளம்பிடறாங்க பாருங்க, நடுவழில நிக்கிற வண்டில பாதி அப்படிக் கிளம்பினதுதான். முதல் வகை வண்டி ஓடிட்டிருக்கிற வரைக்கும் ஓடும், அதுக்கு ஆபத்து இருக்கிறது நிறுத்துற இடத்துலதான், அதனால கீழ பெட்ரோல் போடுற பதில்தான் ரொம்ப நீளமா இருக்கும்.

ஹைவேல 110ல ஜம்முனு போகுது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது. அப்ப இன்ஜின் நல்லா இருக்குன்னு அர்த்தமா, போச்சுன்னு அர்த்தமா?

தளர்ந்த ரோட்டரி இப்படித்தான் நடந்துக்கும். முக்கோண ரோட்டரோட மூணு முனைலயும் அபெக்ஸ் சீல் இருக்கு, பக்கவாட்டுல சைட் சீல் இருக்கு, இவைதான் காத்தை அடைச்சுப் பிடிக்கணும். தேஞ்ச சீல் வழியா காத்து கசியும், ஆனா கசியறதுக்கு நேரம் வேணும் இல்லையா. ஸ்டார்ட்டர் சுத்தும்போது இன்ஜின் சுமார் 250 ஆர்பிஎம்லதான் சுத்துது, அதுலயும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர் சுத்திவிடுற மெயின் தண்டு) மூணு சுத்து சுத்தினாத்தான் ரோட்டர் ஒரு சுத்து சுத்தும், அவ்வளவு மெதுவா அமுக்கும்போது பாதி காத்து ஓடிப்போயிடும். அதே இன்ஜின் 3500ல சுத்தும்போது பதினாலு மடங்கு வேகம், காத்துக்குக் கசிய நேரமே கிடைக்காது, அதனால வண்டி இழுக்கும். ஐடில்ல (வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடும்போது) தள்ளாடும், ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஹைவேல ஒண்ணுமே நடக்காத மாதிரி போகும்.

சூட்டுல இது இன்னும் மோசம். சூடான ஆயில் தண்ணியா ஆயிடும், சீலுக்கும் ஹவுசிங்குக்கும் (ரோட்டர் உள்ள சுத்துற கூடு) நடுவுல இருக்கிற ஆயில் படலமும் ஒரு அடைப்புதான், அது மெலிஞ்சா கசிவு கூடும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூட்டுல மெதுவாத்தான் சுத்தும். காலைல ஒரே தடவைல எந்திரிக்கிற வண்டி, ரெண்டு மணி நேரம் ஓடி நிறுத்தினப்புறம் எந்திரிக்க மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் கம்ப்ரஷன்தான்.

எது கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

ரோட்டரி கம்ப்ரஷன் டெஸ்டர் வச்சிருக்கிற இடத்துல, இன்ஜின் சூடா இருக்கும்போது டெஸ்ட் எடுக்கணும். சாதா பிஸ்டன் வண்டி கேஜ் இருக்கிற மூணு முகத்துல எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும், மத்த ரெண்டும் செத்திருந்தாலும் தெரியாது. சரியான டெஸ்டர்ல ஒரு ரோட்டருக்கு மூணு நம்பர், ரெண்டு ரோட்டருக்கு ஆறு நம்பர் வரும், அந்த ஆறையும் எழுதி வாங்குங்க, "ஓகேதான்"னு வாயால சொன்னா போதாது. ஆர்எக்ஸ்-8ல இருக்கிற ரெனிசிஸ் இன்ஜினுக்கு மஸ்டா கணக்கு 250 ஆர்பிஎம்ல சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கேஜி, குறைஞ்சபட்சம் 6.9. ஒரே ரோட்டரோட முகங்களுக்குள்ள 1.5க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது, ரெண்டு ரோட்டருக்கு நடுவுல 1.0க்கு மேல இருக்கக் கூடாது.

நம்பரோட அளவை விட அதோட அமைப்பைப் பாருங்க, நிறைய சொல்லும். ஆறும் 6.2, 6.3, 6.1னு சமமா இருந்தா அது வயசான இன்ஜின், அவ்வளவுதான். ஒரு ரோட்டர்ல ஒண்ணு நல்லா இருந்து மத்த ரெண்டும் தரை தட்டினா அது உடைஞ்ச அபெக்ஸ் சீல், ஏன்னா ஒரு அபெக்ஸ் சீல் பக்கத்து பக்கத்து அறை ரெண்டையும் பிரிக்குது, அது போனா ரெண்டும் சேர்ந்தே போகும். சமமா தேஞ்சிருந்தா 6க்கு கொஞ்சம் கீழ வரைக்கும் நான் போகலாம்னு சொல்லுவேன், 5க்குக் கீழ போனா பெட்ரோல் போட நிறுத்துற முதல் இடத்துலயே மாட்டிக்குவீங்க.

டெஸ்டர் கிடைக்காத ஊர்ல இருந்தா, சாதா கேஜோட நுனில இருக்கிற வால்வைக் கழட்டிட்டு ப்ளக் துளைல மாட்டி, பெட்ரோல் வராம ஆக்கிட்டு க்ராங்க் பண்ணி (ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்த விட்டு), முள்ளு துள்ளுறதை மொபைல்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாருங்க. மூணு துள்ளலும் ஒரே உயரம் வருதான்னு பார்க்க அது போதும், நம்பருக்கு நம்பாதீங்க. இடது பக்க முன் வீலைக் கழட்டினா ப்ளக்குக்குக் கை போகும்.

மெக்கானிக் பார்த்துட்டு இன்ஜின் முடிஞ்சதுன்னுட்டார். வேற வாய்ப்பே இல்லையா?

டெஸ்ட் நம்பர் காட்டினாரான்னு கேளுங்க. காட்டலைன்னா இக்னிஷன் காயிலைப் பாருங்க, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஆர்எக்ஸ்-8ல நாலு காயில், ரோட்டருக்கு ரெண்டு ப்ளக், கீழ இருக்கிறது லீடிங், மேல இருக்கிறது ட்ரெய்லிங். காயில் இந்த வண்டில தேய்ற பொருள், ஆயில் ஃபில்டர் மாதிரி மாத்திட்டே இருக்கணும், 50,000 கிலோமீட்டர் தாண்டினா சந்தேகப்படறது நல்லது. காயில் வீக் ஆனா பிக்கப் போகும், ஐடில் தள்ளாடும், ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், பெட்ரோல் குடிக்கும், அத்தனையும் கம்ப்ரஷன் போன மாதிரியே இருக்கும். ஓபிடி ரீடர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து கோளாறு கோடு படிக்கிற கருவி) வாங்கி மாட்டுங்க, பி0301 வந்தா முதல் ரோட்டர்ல மிஸ்ஸிங், பி0302 வந்தா ரெண்டாவது.

கிளம்புறதுக்கு முன்னாடி நாலு காயிலும் நாலு ப்ளக்கும் வயரும் புதுசா போட்டுடுங்க. லீடிங் ப்ளக்கும் ட்ரெய்லிங் ப்ளக்கும் வேற வேற நம்பர், லீடிங்குக்கு ஆர்ஈ7சி-எல், ட்ரெய்லிங்குக்கு ஆர்ஈ9பி-டி, மாத்திப் போட்டுடாதீங்க. வயரும் எது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டுங்க. இதை மாத்தினப்புறம் வண்டி சரியாப் போய் ரீபில்டே தேவைப்படாம போன கேஸ் எனக்குத் தெரியும். அப்படி ஆகலைன்னாலும் நஷ்டம் இல்ல, அதே காயில் புது இன்ஜின்ல ஓடும்.

கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமா குறையுது, வழில ஊத்திட்டே போயிரலாமே?

கூடாது. ரோட்டரி இன்ஜின் ஒரே கட்டி இல்ல, வார்ப்பிரும்பு ப்ளேட், அலுமினிய ஹவுசிங், திரும்ப ப்ளேட், திரும்ப ஹவுசிங், திரும்ப ப்ளேட்னு அடுக்கி, முன்னாடில இருந்து பின்னாடி வரைக்கும் நீள போல்ட்டால இறுக்கினது. அந்த ஒவ்வொரு இணைப்புலயும் தண்ணியையும் நெருப்பையும் பிரிச்சு வைக்கிறது ஒரு மெல்லிசான சீல் வளையம். சூடு ஏறினா அலுமினியம் ஒரு அளவு விரியும், இரும்பு வேற அளவு விரியும், ஒரே ஒரு தடவை நல்லா ஓவர்ஹீட் ஆனா போதும், ஹவுசிங் நெளிஞ்சு அந்த வளையம் போயிடும். போனப்புறம் எரியற காஸ் தண்ணிக்குள்ள புகுந்து தண்ணியை வெளிய தள்ளும், தண்ணி குறைஞ்சு இன்னும் சூடாகும், இன்னும் நெளியும். ஹைவே வேகத்துல இது மெதுவா நடக்காது.

அடையாளம்: ராத்திரி முழுக்க நின்னுட்டு காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு ரோட்டர்ல மட்டும் தட்டுத்தடுமாறி, இனிப்பு வாசனையோட வெள்ளைப் புகை வந்து கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து விளிம்பு வரைக்கும் நிரப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, குமிழி விடாம வந்துட்டே இருந்தா சந்தேகம் வேணாம். இன்னும் உறுதியா வேணும்னா காஸ் லீக் டெஸ்ட் திரவம் கிடைக்கும், நீலமா இருக்கிறது மஞ்சளா மாறும். சூடா இருக்கும்போது மட்டும் மூடிகிட்ட கையைக் கொண்டு போகாதீங்க.

ஒரு விஷயம் கவனிக்கணும், ஆர்எக்ஸ்-8ல கூலண்ட் பாட்டிலுக்குள்ள இருக்கிற லெவல் சென்சார் அடிக்கடி கெட்டுப்போகும், தண்ணி முழுசா இருந்தாலும் லைட் எரியும். லைட்டைப் பார்த்து பயந்துட வேணாம், லைட் எரியலைன்னு நிம்மதியாவும் இருக்க வேணாம், கண்ணால பாருங்க. ரேடியேட்டர்ல ஊத்தி ஓட்டையை அடைக்கிற திரவம் எதுவும் ஊத்தாதீங்க, அது ரேடியேட்டரோட மெல்லிசான குழாயை அடைச்சுடும்.

கன்வெர்ட்டர் அடைச்சிருக்குன்னு சொன்னா அது புகைக்குழாய் பிரச்சனைதானே, இன்ஜினுக்கு என்ன?

காயில் வீக் ஆச்சுன்னா எரியாத பெட்ரோல் அப்படியே வெளிய போய் கன்வெர்ட்டர்க்குள்ள எரியும், உள்ள இருக்கிற தேன்கூடு உருகி அடைச்சுக்கும், அப்புறம் புகை வெளிய போக வழி இல்லாம சூடு திரும்ப இன்ஜினுக்கே வரும். ரெனிசிஸ் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் துவாரம் பக்கவாட்டு ப்ளேட்ல இருக்கு, அந்தச் சூட்டுல சைட் சீல் வாடிப்போயிடும். அதாவது சின்ன காயில் ஒண்ணு கன்வெர்ட்டரைக் கொன்னு, கன்வெர்ட்டர் இன்ஜினைக் கொல்லும். இன்னிக்கு வீக்கா இருக்கிற ஆர்எக்ஸ்-8ல நிறைய இப்படி ஆனதுதான்.

மேல் ஆர்பிஎம் போகப் போக வண்டி மூச்சு முட்டுற மாதிரி இருந்தாலோ, கியர் பக்கத்து தரை சுட்டாலோ, கீழ கலகலன்னு சத்தம் வந்தாலோ, ராத்திரில அடில செக்கச்செவேல்னு தெரிஞ்சாலோ கிளம்ப வேணாம். கோடைல இதுல இன்னொரு பெரிய ஆபத்து இருக்கு, ஹியூம் ஓரத்துல காஞ்ச புல்லு இடுப்பளவு நிக்கும், அதுமேல இந்த வண்டியை நிறுத்தினா தீ பிடிக்கும், ஊரே எரியற சமாச்சாரம் அது. எந்த நிலைமைலயும் புல்லுல நிறுத்தாதீங்க, தார் இல்லைன்னா ஜல்லி. கன்வெர்ட்டரை எடுத்துட்டு வெறும் குழாய் மாட்டிட்டுப் போலாம்னு யோசனை சொல்றவங்க உண்டு, ரோட்ல ஓட்டுற வண்டிக்கு அது சட்டப்படி தப்பு.

பெட்ரோல் போட நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாதே, இன்ஜினை ஓடவிட்டே போடலாமா?

கூடாதுங்க, பங்க்ல யாரும் விடவும் மாட்டாங்க. நிறுத்தத்தான் வேணும், அதுக்குத் தயாராப் போறதுதான் இந்தப் பயணமே.

டேங்க் சுமார் 60 லிட்டர். நல்ல ஆர்எக்ஸ்-8 ஹைவேல 100 கிலோமீட்டருக்கு 10, 11 லிட்டர் குடிக்கும், தளர்ந்தது 13, 14 குடிக்கும், 14னு கணக்கு வைங்க, 400க்கு மேல நம்பாதீங்க. சிட்னில விளிம்பு வரைக்கும் போட்டுட்டுக் கிளம்பி யாஸ்ல ஒண்ணு, அது சுமார் 280 கிலோமீட்டர், அப்புறம் ஆல்பரில ஒண்ணு, அது சுமார் 550. அங்கிருந்து மெல்பர்ன் 330 பக்கம்தான். ரெண்டுமே ஊர், வொர்க்‌ஷாப் இருக்கு, தங்க இடம் இருக்கு, உதவிக்கு ஆள் இருக்கு. தனியா ஹைவே ஓரத்துல இருக்கிற ரெஸ்ட் ஏரியால இன்ஜினை நிறுத்தாதீங்க, பாத்ரூம் போகணும்னாலும் கூட வர்றவர் ஸ்டியரிங்ல உக்காந்து ஓடவிட்டு வைக்கட்டும், அதனால இந்தப் பயணம் ரெண்டு பேரா போறதுதான் நல்லது.

ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அஞ்சாறு நிமிஷம் நிதானமா ஓட்டி சூட்டைக் குறைங்க. பெட்ரோல் போட்டு முடிச்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காம, வண்டியைப் பம்ப்ல இருந்து தள்ளி, முன்னாடி இறக்கமா இருக்கிற இடத்துல கொண்டு வந்து நிறுத்துங்க. பானெட்டைத் திறந்து வச்சுட்டு சாப்பிடப் போங்க, அரை மணி நேரமாவது ஆறட்டும். சாப்பாட்டு நேரமும் பெட்ரோல் நேரமும் ஒண்ணாவே இருக்கிற மாதிரி கிளம்பிட்டா இந்தக் காத்திருப்பு வீண் ஆகாது.

நண்பர் ஒருத்தர் வண்டில யாஸ்ல நாங்க மாட்டினது இப்படித்தான். நல்ல வெயில் நாள், பெட்ரோல் போட்டதும் அவசரப்பட்டு அவர் சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட்டர் ஒரே சீரா சுத்துது, அந்தச் சத்தத்துல தடையே இல்ல, நல்ல இன்ஜின்ல கேக்கிற அந்த சுஃப் சுஃப்ங்கிற அமுக்கம் காதுல விழவே இல்ல. மறுபடி மறுபடி திருப்பினதுல டாஷ்போர்டு லைட் மங்கிட்டு வருது, பெட்ரோல் வாசனை குப்புன்னு வருது, ஃப்ளட் ஆயிடுச்சு. சாவியைப் பிடுங்கி வச்சுட்டு வண்டியை நிழலுக்குத் தள்ளினோம். ஆறினப்புறம் ஆக்ஸிலரேட்டரைத் தரை வரைக்கும் அமுக்கிட்டே க்ராங்க் பண்ணச் சொன்னேன், அப்படி அமுக்கினா ஆர்எக்ஸ்-8ல பெட்ரோல் வர்றது நின்னுடும், உள்ள தேங்கினது வெளிய போகும். அப்புறம் காலை எடுத்துட்டு, செகண்ட் கியர்ல, பின்னாடி இருந்து தள்ளி க்ளட்ச் விட்டதும் ஒரு உதறு உதறி, நீலமும் வெள்ளையுமா ஒரு மேகம் விட்டு எந்திரிச்சது. அதுக்கப்புறம் ஆல்பரி வரைக்கும் குறையே சொல்ல முடியாத மாதிரி ஓடுச்சு.

தள்ளி ஸ்டார்ட் பண்றதுல ரோட்டரிக்கு ஏதாவது கெடுதல் உண்டா?

பெரிசா இல்ல. ஸ்டார்ட்டரை விட வேகமா சுத்தும், அதனால வீக் இன்ஜினுக்கு அதுதான் நல்ல வழி. சாவி ஆன்ல இருக்கணும், செகண்ட் கியர், நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூட வந்ததும் க்ளட்ச்சை டக்குன்னு விட்டு, பிடிச்சதும் உடனே அமுக்கிடணும். ஸ்டார்ட் ஆகாம ரொம்ப தூரம் தள்ளிட்டே போனா எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும், அதனால ரெண்டொரு முயற்சியோட நிறுத்தி ஆறவிடுங்க.

ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. கம்ப்ரஷன் போன ஆட்டோமேட்டிக் ஆர்எக்ஸ்-8ஐ இவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போகாதீங்க, ட்ரக் பிடிச்சிடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி வேற எதுல காசு போடலாம்?

பேட்டரியும் ஸ்டார்ட்டரும். பிந்தின வருஷங்கள்ல ஆர்எக்ஸ்-8க்கு வேகமா சுத்தற ஸ்டார்ட்டர் வந்துச்சு, அதை மாட்டினா சூட்டுல எந்திரிக்க மறுக்கிற வண்டி எந்திரிக்கும். இன்ஜினை அது குணப்படுத்தல, ஆனா இந்த ஒரு பயணத்துக்கு அது போதும், ரீபில்டுக்கு அப்புறமும் உபயோகம். ஒரு நல்ல ஜம்ப் பேக்கும் (பேட்டரி இறங்கினா ஸ்டார்ட் பண்ற கைல தூக்குற பேட்டரி) டிக்கில போடுங்க. முன் பம்பர்ல ரெண்டு ஓரத்துலயும் ஆயில் கூலர் இருக்கும், அதுல இலை, பூச்சி, புல்லு அடைச்சுக் கிடக்கும், மெதுவா தண்ணி பீச்சிக் கழுவுங்க. ரோட்டரில ஆயில் சூட்டைக் கடத்துறதுல பெரிய பங்கு எடுக்குது, அது அடைச்சிருந்தா தண்ணி நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஆயில் எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்? கெட்டி ஆயில் ஊத்தினா கம்ப்ரஷன் ஏறுமா?

ரெண்டு லிட்டர் எடுத்துக்குங்க. ரோட்டரி ஆயில் குடிக்கிறது கோளாறு இல்ல, சீலுக்குப் பசை வேணும்னு மஸ்டாவே ஒரு சின்ன பம்ப் வச்சு எரியற அறைக்குள்ள ஆயிலை விடுது. ஆயிலே குறையாத ஆர்எக்ஸ்-8தான் எனக்குக் கவலை, அந்தப் பம்ப்போ குழாயோ வேலை செய்யலைன்னு அர்த்தம். பெட்ரோல் போட நிறுத்துற ரெண்டு இடத்துலயும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துடுங்க. இப்ப ஊத்திட்டு இருக்கிற அதே ஆயிலோட போங்க, ரொம்பக் கெட்டியா ஊத்தறதால தேஞ்ச சீல் வளராது, காலைல ஸ்டார்ட்டர்தான் கஷ்டப்படும்.

பெட்ரோல்ல 2 ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறதை நான் சிபாரிசு பண்றேன். லிட்டருக்கு 4ல இருந்து 8 மில்லி, அதாவது 50 லிட்டருக்கு 200ல இருந்து 400 மில்லிக்குள்ள. முதல்ல ஆயிலை ஊத்திட்டு அப்புறம் பெட்ரோல் போடுங்க, தானா கலந்துடும். சாம்பல் குறைவான ஜாசோ எஃப்டி வகை (ஜாசோங்கிறது ஜப்பான் தர முத்திரை) பாத்து வாங்குங்க. பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறைய வேணாம், 98 போட்டா கூடுதல் பலன் வரும்னு எதிர்பார்க்கவும் வேணாம்.

எவ்வளவு வேகம், எந்த கியர், ஏசி போடலாமா?

ஆறாவது கியர்ல 110ல சுமார் 3400, 3500 ஆர்பிஎம் வரும், அது இந்த இன்ஜினுக்கு வசதியான இடம். 3000க்குக் கீழ இறக்கி ஆக்ஸிலரேட்டரை அமுக்காதீங்க, ஏற்றம் வந்தா முன்கூட்டியே அஞ்சுக்கோ நாலுக்கோ இறங்குங்க. மைலேஜுக்காக மெதுவா டாப் கியர்ல இழுக்க விடறது பிஸ்டன் வண்டிப் பழக்கம், இங்க அது சீலுக்கு ஆகாது. ரோட்டரின்னா தினமும் ஒரு தடவை 9000 வரைக்கும் விரட்டணும், கார்பன் போகும்னு சொல்லுவாங்க, நல்ல இன்ஜினுக்கு அது நல்ல அறிவுரை, தளர்ந்ததுக்கு இந்த ஒரு நாள் வேணாம், பேர்ந்து வர்ற கார்பன் துண்டு ஏற்கனவே பலம் இல்லாத சீல்ல மாட்டினா கதை முடிஞ்சது. ஏசி சமவெளில போடலாம், ஏற்றத்துல ஆஃப் பண்ணுங்க.

டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது, அப்ப சூடு இல்லதானே?

அந்த முள்ளை நம்பாதீங்க. ஆர்எக்ஸ்-8ல அது ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவுலயே நிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க, அது நகர ஆரம்பிக்கும்போது காரியம் கெட்டிருக்கும். ஓபிடி ரீடரை மொபைல்ல கனெக்ட் பண்ணி கூலண்ட் டெம்பரேச்சரை நம்பரா பாருங்க. ஹைவேல 80ல இருந்து 95 டிகிரிக்குள்ள இருக்கணும். 105 தொட்டா ஆக்ஸிலரேட்டரை விடுங்க, ஏசியை அணைச்சு ஹீட்டரை ஃபுல்லா போடுங்க, நாப்பது டிகிரி வெயில்லயும் போடத்தான் வேணும், கண்ணாடியை இறக்கிக்குங்க. 110க்குப் போனா ஓரம் கட்டி அணைச்சிடுங்க, திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு யோசிக்கவே யோசிக்காதீங்க, இங்க "நிறுத்தாதே"ங்கிற விதி செல்லாது.

எந்த நேரத்துல கிளம்பணும், வழில எங்க கஷ்டம்?

குளிர்காலம்னா எப்ப வேணா கிளம்பலாம். கோடைல ஆல்பரி, வாங்கரட்டா பக்கம் மத்தியானம் 40 டிகிரியைத் தாண்டும், அந்த நேரத்துல அங்க இருக்கக் கூடாது. முன்னிரவுல சிட்னியை விட்டுக் கிளம்பறது ஒரு வழி, ராத்திரி காத்து குளிர்ச்சியா இருக்கும், டிராஃபிக் சிக்னலும் இல்ல. ஆனா அந்தி நேரத்துலயும் விடியற நேரத்துலயும் கங்காரு குறுக்க வரும், ஆர்எக்ஸ்-8க்கு ரேடியேட்டர் ரொம்பத் தாழ்வா முன்னாடியே இருக்கு, அதனால வெளிச்சம் மாறுற அந்த ஒரு மணி நேரம் வேகத்தைக் குறைங்க.

சிட்னி தாண்டி மிட்டகாங் வரைக்கும் ஏற்றம், அதுலயே வண்டி எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும், சூடு அங்கேயே ஏறுச்சுன்னா திரும்பிடுங்க, வீடு பக்கத்துல இருக்கும்போது திரும்பறதுதான் புத்திசாலித்தனம். கோல்பர்ன் சுமார் 200 கிலோமீட்டர், அங்க ரெண்டாவது முடிவு எடுங்க. யாஸ் தாண்டினதும் திரும்ப மேடு பள்ளம். டார்கட்டா கிட்டத்தட்ட பாதி வழி, லாரிக்காரங்க ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து நிக்கிற ஊர் அது. ஹோல்ப்ரூக்குக்கு 2013ல பைபாஸ் வந்ததோட ஹியூம் முழுக்க ரெட்டை ரோடு ஆயிடுச்சு, முன்னாடி மாதிரி ஊருக்குள்ள நின்னு நின்னு போக வேண்டியது இல்ல, தளர்ந்த ரோட்டரிக்கு அது பெரிய உதவி. ஹோல்ப்ரூக்ல பார்க்குல நிக்கிற நீர்மூழ்கிக் கப்பலை, வண்டியை ரீபில்ட் பண்ணிட்டு திரும்பி வரும்போது பாருங்க. ஆல்பரிக்கு அப்புறம் பெரும்பாலும் சமவெளி, சீமூர் தாண்டி ஒரு ஏற்றம். மெல்பர்ன் நுழையற நேரம் ஆபீஸ் டிராஃபிக்ல மாட்டாத மாதிரி பாருங்க, நின்னு நின்னு ஊர்றதுதான் இந்த வண்டிக்கு ஆகவே ஆகாத விஷயம்.

ரோட்சைட் உதவித் திட்டத்துல எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் இலவசமா டோ பண்ணுவாங்கன்னு கிளம்பும் முன்னாடி படிச்சிடுங்க, சாதா திட்டத்துல அது ரொம்பக் குறைவா இருக்கும்.

ஓடிட்டிருக்கும்போது என்ன நடந்தா உடனே நிறுத்தணும்?

செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினா மிஸ்ஸிங் கடுமையா இருக்கு, கன்வெர்ட்டர் எரியப் போகுதுன்னு அர்த்தம். திடீர்னு பாதி பலம் போய், சத்தம் ஒரு பக்கமா தட்டி தட்டி வந்தா ஒரு ரோட்டர் போச்சு. ரோட்டரி அப்பவும் ஓடும், ஒரு ரோட்டர்ல நகர்ந்துட்டே இருக்கும், அதுதான் அதுல இருக்கிற ஆபத்து. உடைஞ்ச சீல் துண்டு ஹவுசிங்கோட க்ரோம் பூச்சை ஒவ்வொரு சுத்துக்கும் கீறிட்டே இருக்கும், உடனே நிறுத்தினா திரும்ப உபயோகிக்கிற ஹவுசிங் கிடைக்க வாய்ப்பு உண்டு, இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டினா குப்பை. அதுல போற காசு ட்ரக் வாடகையை விட அதிகம் ஆகும். பின்னாடி புகை நிக்காம வந்துட்டே இருந்தாலும் நிறுத்துங்க, தொடர்ந்து 10 வினாடிக்கு மேல கண்ணுக்குத் தெரியற புகை விட்டா ஃபைன் போடுவாங்க.

என்கிட்ட இருக்கிறது ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாடல். இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அது ட்வின் டர்போ, சீல் உடைஞ்சா துண்டு நேரா டர்போக்குள்ள போகும். அந்த வண்டியோட இன்னிக்கு விலைக்கு யோசிக்காம ட்ரக்ல ஏத்துங்க.

ரோட்டரியே லாங் டிரைவுக்கு லாயக்கு இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இது எனக்கு மனசு வலிக்கிற பேச்சு. மஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் 1967ல வந்துச்சு, அடுத்த வருஷமே ஜெர்மனில நூர்பர்க்ரிங்ல 84 மணி நேரப் பந்தயத்துல ஓடி நாலாவது இடம். 1991 லெ மான்ஸ்ல நாலு ரோட்டர் 787பி, 24 மணி நேரத்துல 362 லேப், 4,900 கிலோமீட்டருக்கு மேல, பந்தயம் முழுக்க விரட்டி விரட்டி ஓட்டி ஜெயிச்சது. கிட்டத்தட்ட இங்க நாம பேசற தூரத்தை அஞ்சு தடவைக்கு மேல ஒரே நாள்ல. நல்ல கம்ப்ரஷன், நல்ல காயில், சரியான ஆயில், குளிர்ச்சி, இது நாலும் இருந்தா நீண்ட தூரம்தான் ரோட்டரிக்குப் பிடிச்ச ஓட்டம். கடைக்குப் போக ஸ்டார்ட் பண்ணி, சூடாகறதுக்குள்ள அணைச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி, ஆயிலும் பார்க்காம வச்சிருந்தவங்க கைலதான் நிறைய இன்ஜின் சீக்கிரம் போயிருக்கு.

போய்ச் சேர்ந்தாச்சு, ரீபில்ட் பண்றவர்கிட்ட என்ன சொல்லணும்?

கம்ப்ரஷன் நம்பர் ஆறையும் எடுத்த தேதியோட குடுங்க, வழில பார்த்த அதிகபட்ச டெம்பரேச்சர், எவ்வளவு ஆயில் ஊத்தினீங்க, கூலண்ட் குறைஞ்சுதா, சூட்டுல எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆச்சு, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. இன்ஜினைப் பிரிக்கும்போது நீங்களும் பக்கத்துல இருக்கணும்னு கேளுங்க, நல்ல ஆளா இருந்தா சந்தோஷமா கூப்பிடுவார். ப்ளேட்டும் ஹவுசிங்கும் அளந்து பார்த்து எது திரும்ப உபயோகம், எது புதுசுன்னு அளவோட பில்லுல எழுதி வாங்குங்க, சீல் மட்டும் மாத்தி தேஞ்ச ஹவுசிங்ல திரும்ப அடுக்கிக் குடுத்தா ரொம்ப நாள் வராது. பழைய பாகம் எல்லாத்தையும் உங்ககிட்ட திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. பழைய கன்வெர்ட்டரை செக் பண்ணாம புது இன்ஜினை ஸ்டார்ட் பண்ண விடாதீங்க, அடைச்ச கன்வெர்ட்டரோட ஓடினா புது சீலும் அதே சூட்டுல வேகும்.